லாரிப் பட்டறை தொடங்க

டீசல் லாரிப் பட்டறைக்கு முதல் தேவை தோதான இடம். மதுரை அவனியாபுரத்தை ஒட்டிச் சுற்றுச்சாலை போவதால் தூத்துக்குடிச் சரக்கு லாரிகளின் வரத்துக்குக் குறைவில்லை. லாரி திரும்ப இடமும், எண்ணெய் மண்ணில் இறங்காத சிமென்ட் தளமும் வேண்டும்.

அடுத்தது தொழில் பழக்கம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிப்பு ஓராண்டு. பழைய லாரியில் டீசல் லைனில் காற்று அடைத்தால், ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடித்தால் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 புகை விதிக்கு உட்பட்ட லாரிகளில் புகைக்கரி வடிகட்டி, யூரியா கரைசல், சென்சார்கள் உண்டு. கோளாறைக் காட்டுவது ஸ்கேனர் கருவி. அது இல்லாத பட்டறைக்குப் புது லாரி வராது.

மாநகராட்சி உரிமம் அவசியம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் விடாமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே தர வேண்டும்.

எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் லாரிக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பட்டறைக்கு நிலையான வருமானம் தருவது, எஃப்.சி.க்கு லாரியைத் தயார்செய்யும் இந்த வேலைதான்.