பித்தளைக் கொம்பும் கறுப்புப் பெட்டியும்

ஒட்டன்சத்திரத்துல இருந்து பேசறேன். மேசை மேல இருக்கறது எச்.எம்.வி. 102 கிராமபோன், 1931-ல வந்த மாடல். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிட்டுப் போகலாம். "கொம்பு எங்கே?"ன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. பெட்டிக்குள்ளயே மடிஞ்சு கிடக்குங்க.

1877-ல எடிசன் உருளையில குரலைப் பிடிச்சார். பத்து வருஷத்துல பெர்லினர் அதைத் தட்டாக்கினார். 1902-ல ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து பாடகி கௌஹர் ஜானைப் பாட வச்சுப் பதிவு பண்ணார். சீக்கிரமே நம்ம பக்கம் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி தட்டெல்லாம் வந்துருச்சு. தாயி பாடினதைக் கேட்டு மயங்கி, மோரிஸ் தெலாஜ்ங்கற பிரெஞ்சு இசையமைப்பாளர் 'ராகமாலிகா'ன்னு ஒரு படைப்பே எழுதினார். ஏவி.எம். செட்டியார் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி வித்ததும் இசைத்தட்டுகளைத்தான்.

இப்ப மோட்டாரைப் பாருங்க. சாவி முறுக்கினா ஸ்பிரிங் இறுகும். சும்மா விட்டா தட்டு தலைதெறிக்கச் சுத்தும். அதுக்குத்தான் இந்த கவர்னர், மூணு குண்டு. வேகம் கூடினா குண்டு விரியும், வட்டத்தகடு நகர்ந்து பேடுல உரசும், வேகம் அடங்கும். நிமிஷத்துக்கு 78 சுத்து. கரண்டே வேண்டாம்.

கரண்ட் வேண்டாங்கறதுதான் இதுக்கு ஆயுசு கொடுத்துச்சு. மேல்நாட்டுல எல்.பி. வந்து இதை ஓரங்கட்டினப்பவும், கம்பி போகாத கிராமங்கள்ல சாவிப்பெட்டி பாடிட்டே இருந்துச்சு. 1960கள்ல பீட்டில்ஸ் பாட்டையே இந்தியாவுல 78 தட்டா போட்டாங்க. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் கிட்ட அதுக்கு இன்னிக்கு ஏகக் கிராக்கி.

ஆனா புதுசா சேகரிக்க வர்றவங்க பித்தளைக் கொம்பைத்தான் தேடறாங்க. அங்கேதான் ஏமாத்து. பளபளக்கற கொம்பு புதுசு, பெட்டி புதுசு, எச்.எம்.வி. நாய்ப் படமும் புதுசு. மோட்டார் மட்டும் இந்த மாதிரி ஒரு போர்ட்டபிளைப் பிரிச்சு எடுத்ததா இருக்கும். ஒரு போலிக்காக ஒரு அசலைக் கொன்னுடறாங்க. எனக்கு அதுதான் ஆத்தாமை.

வாங்கப் போறப்ப ஒரு தட்டும் புது ஊசியும் கையோட கொண்டு போங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசிதான். தேஞ்ச ஊசி தட்டைச் சுரண்டிரும். "நல்லா ஓடுதுங்க சார்"னு கடைக்காரர் சொன்னா, மூணு நிமிஷமும் முழுசா ஓட விட்டுக் கேளுங்க. முழுசா சாவி கொடுத்தும் கடைசியில சுருதி இறங்குச்சுன்னா, மோட்டாருக்கு வேலை இருக்கு. விலையைக் குறைச்சுக் கேளுங்க.