உள்ளத்தை ஆற்றுவோர்



சங்க அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி ஒன்றுண்டு. தலைவி உண்ணாள், உறங்காள், உடல் மெலிந்து பசலை பூக்கிறாள். தாய் அஞ்சுகிறாள். கட்டுவிச்சி நெல்லை எண்ணிப் பார்க்கிறாள். வேலன் கழங்கு உருட்டுகிறான். முருகன் அணங்கினான் என்று முடிவு கட்டப்படுகிறது. களம் இழைத்து, மறியறுத்து, வெறியாட்டு எடுக்கிறார்கள். நோயின் காரணத்தை அறிந்தவள் அம்முற்றத்தில் ஒருத்தியே. அவள் தோழி. தலைவி சொன்னதைக் கேட்டவள் அவள்; கேட்டதைக் காத்தவளும் அவளே. இனி மறைத்தால் உயிர்க்கே கேடு என்ற நிலை வந்தபோது, சொல்லத் தக்காரிடம், சொல்லத் தக்க அளவில் சொன்னாள். இலக்கணம் அதனை ‘அறத்தொடு நிற்றல்’ என்று போற்றிற்று.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்வழியே நிற்கிறது. நோயரைப் பற்றி அறிந்தவற்றை வெளியிடாமல் காப்பது மருத்துவர் முதலானோரின் கடமை என்று அது விதிக்கிறது. பிறர்க்கு நேரவிருக்கும் தீங்கைத் தடுத்தல், உயிர்க்கு வரும் கேட்டை விலக்குதல் போன்ற சில நிலைகளில் மட்டுமே வாய் திறக்க இசைகிறது. தோழி எக்கல்லூரியிலும் பயிலாதவள். ஆயினும் இப்பணியின் அறம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அத்தோழியின் பணியை இன்று பலர் பகிர்ந்துகொண்டுள்ளனர். ஊர்வழக்கிலோ அத்தனை பேரும் ‘பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்’ என்றே வழங்கப்படுகின்றனர். இக்குழப்பத்தால் குடும்பங்கள் இழக்கும் காலமும் பொருளும் சிறிதல்ல. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றபின், மனநோய் மருத்துவத்தில் உயர்படிப்பும் முடித்தவர். மருந்து எழுதுபவர் அவரே. அவர்களுள்ளும் குழந்தைகள், முதியோர், குடிநோயாளர் எனத் தனித்தனியே தேர்ந்தோர் உளர். மருத்துவ உளவியலர் மருந்து எழுதார். நினைவாற்றல், அறிவுத்திறன், ஆளுமை ஆகியவற்றைச் சோதனைகளால் அளந்தறிவார். எண்ணத்தின் முடிச்சுகளை உரையாடலால் அவிழ்ப்பார். மனநலச் சமூகப் பணியாளர் நோயரின் வீட்டுப் படியேறுவார். வேலை, உதவித்தொகை, குடும்பப் பிணக்கு ஆகியவற்றைக் கவனிப்பார். இரவெல்லாம் உடனிருந்து, மருந்து உட்செல்வதையும் உறக்கம் வருவதையும் பார்ப்பவர் மனநலச் செவிலியர். இந்நால்வரையும் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களோடு சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ என்னும் பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றோரையும் சேர்த்திருப்பது தமிழர்க்கு உவப்பான செய்தி.

ஆற்றுப்படுத்துநர் என்றும் மனநல ஆலோசகர் என்றும் அழைக்கப்படுவோர் அவ்வரையறையில் இடம்பெறவில்லை. ஆகவே எவரும் பலகை மாட்டலாம் என்ற நிலை நெடுநாள் இருந்தது. 2021-இல் இயற்றப்பட்ட துணைமருத்துவத் தொழிலர்க்கான சட்டம் அவர்களையும் ஒரு பதிவேட்டின்கீழ்க் கொண்டுவர வழி வகுத்தது. ஆலோசகரை நாடுவோர், அவர் எங்கே பயின்றார், யாரிடம் பதிந்துள்ளார் என்று கேட்டறிவது மரியாதைக் குறைவாகாது.

இத்துறையின் வரலாற்றை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பணியாளர் தம் இருக்கையை விட்டெழுந்து நோயர் வாழும் இடத்திற்குச் சென்ற போதெல்லாம் நன்மை விளைந்துள்ளது. சென்னையில் 1794-இல் தோன்றிய மனநோயர் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் பெயர்ந்தது. அந்நாளில் மதிலே மருத்துவமாக இருந்தது. காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டிலும் நிலைமை அதுவே. பாரிசின் பிசேத்ர் விடுதியில் 1797-இல் நோயரின் சங்கிலிகளைக் கழற்றியவர் புசென் என்பவர். அவர் மருத்துவர் அல்லர். தோல் பதனிடும் தொழிலர். அவ்விடுதிக்கே நோயராய் வந்து, குணமடைந்து, கண்காணிப்பாளராய் உயர்ந்தவர். புகழை மருத்துவர் பினெல் பெற்றார். அவரும் தமக்கு வழிகாட்டியவர் புசென் என்பதை மறைத்தாரில்லை.

கீழ்ப்பாக்கத்தின் கதவுகளை அகலத் திறந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் அவர், 1961-இல் அதன் கண்காணிப்பாளரானார். நோயர் வீட்டிலிருந்தே வந்து செல்லும் புறநோயர் பிரிவையும், கைத்தொழில் பழகும் கூடத்தையும் அங்கே வளர்த்தார். ஓய்வு பெற்றபின் 1984-இல் மனச்சிதைவு நோயர்க்கென ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2021 திசம்பரில், 98-ஆம் அகவையில் மறைந்தார். அந்நிறுவனத்தின் ஊர்தி புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்குச் சென்றது. ஊர்திக்குள் ஒரு திரை, திரையில் சென்னை மருத்துவர், பக்கத்திலேயே மருந்தகம். பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாதவர்க்கு மருத்துவரே ஊர் தேடி வந்தது போலாயிற்று.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியது. நோயருடன் குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது அதன் முறை. ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்ய எழுந்த ஏற்பாடு என்று சிலர் கருதக்கூடும். ஆயினும் நோயைக் குடும்பத்தார் அறிந்துகொண்டால், வீடு திரும்பிய நோயர் மீண்டும் தனிமைப்படுவதில்லை. குடும்பம் கைவிட்டால் நேர்வது என்ன என்பதை ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகத்து 6-ஆம் நாள் அதிகாலை அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். தர்காவை நம்பி வந்தோரின் நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை, சங்கிலியே கொன்றது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுதலை அறவே தடை செய்தது.

காவிரிப் படுகைக்கு நெருக்கமான பணி ஒன்றையும் சொல்ல வேண்டும். சமூகப் பணி பயின்ற சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின், 1980-இல் சென்னையில் குடிநோயர்க்கான மருத்துவ நிலையத்தை நிறுவினார். நகரத்து நிலையத்துக்கு உழவர் வர மாட்டார் என்று கண்டபோது, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் அமைக்கப்பட்டது. ஊராரே இடமும் துணையும் தந்தனர். குடியை விட்டவர் மறுநாளும் அதே கடைத்தெருவில்தான் நடக்க வேண்டும். ஆகவே தெருவையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது அம்முகாம்.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலை எண்ணத்தில் உழல்வோர்க்கானது. அங்கே தொலைபேசியை எடுப்போர் பயிற்சி பெற்ற தன்னார்வலர். அறிவுரை சொல்லாமல் கேட்பதே அவர்கள் பயிலும் முதற்பாடம். அவர் பின்னர்க் காட்டுமன்னார்கோயில் பகுதிக்குச் சென்றார். சினத்திலும் துயரிலும் ஒரு நொடியில் கைக்கெட்டுவது வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து. அதனை ஊர்ப்பொதுக் கட்டடத்தில், உழவர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பூட்டுப் பெட்டியில் வைக்கச் செய்து ஆராய்ந்தார். வயலுக்குத் தேவையானபோது எடுத்துக்கொள்ளலாம், வீட்டிற்குள் நஞ்சில்லை. அந்த நொடி கடந்தால் உயிர் மிஞ்சும் என்பதே இதன் அடிப்படை. ஒரு பூட்டும் மனநல மருத்துவமாகலாம்.

2004 திசம்பர் 26 இக்கரையோர் மறவாத நாள். கோட்டுச்சேரிமேடு முதலான மீனவர் ஊர்களை அலை சூறையாடிற்று. பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனத்தார் தமிழகக் கரைக்கு வந்தபோது, துயருற்றோர் தொகை முன் மருத்துவர் தொகை மிகச் சிறிதாயிருந்தது. ஆசிரியர்க்கும் ஊர்ப்பணியாளர்க்கும் பயிற்சி தந்து, அவர்களையே ஆற்றுவோராக்கினர். யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரம் இவ்வழியைப் போரின் நடுவே கண்டிருந்தார். காயம்பட்டது தனி மனம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயம்பட்டன என்று அவர் எழுதினார். ‘மனவடு’ என்னும் சொல் ஈழத்தமிழில் வேரூன்ற அவர் எழுத்தும் காரணம். மருத்துவர் ஒருவர் மொழிக்கு அளித்த கொடை அது.

பாவலர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில் தற்கொலை வீதம் மிகுந்த பகுதிகளுள் புதுவை ஒன்றியப் பகுதியும் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்துள்ளது. கோட்டுச்சேரியும் அப்பகுதியில் அடங்கியதே. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவருக்கு இரங்கற்பா எழுதும் பாவலர், அம்முடிவையே விடுதலையென்று பாடிவிட்டால், அதே எண்ணத்தோடு அதனைப் படிக்கும் இளைஞனுக்கு அது வழிகாட்டியாகிவிடும். இறந்தவரின் வாழ்வைப் பாடலாம். இறந்த முறையை அழகு செய்யலாகாது. ‘பைத்தியம்’ என்ற சொல்லை உவமையாய் எடுத்தாளும்போதும், அச்சொல்லால் நாள்தோறும் அடிபடும் ஒரு வீட்டார் அவையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை நினைத்தல் நலம். பேயுருவை விரும்பிப் பெற்ற அம்மையாரை மாங்கனித் திருவிழாவில் வணங்கும் மண் இது. ‘பேய் பிடித்தது’ என்று ஒதுக்கப்படுபவரிடமும் அம்மண்ணுக்குச் சற்று அன்பு இருக்கலாம்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், வழியில் காணும் வறியவனை நிறுத்தி, இன்ன வழியே போ, இன்னாரைக் காண், அவர் உன்னைப் புறந்தரார் என்று சொல்வதே அவற்றின் பொருள். மனநோயிலிருந்து மீண்டவர் ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லத்தக்கதும் இதுவே. அவர் சொல்லக் கூசாத சூழலை உண்டாக்குவது இத்தகைய வட்டங்களின் கையில் உள்ளது. வழி தெரியாதவர்க்கு, 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய தொலைபேசிச் சேவையின் எண் 14416 என்பதையாவது எழுதித் தரலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

வெறியாட்டு முற்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. கேட்டவள் ஒருத்திதான். இனி அவள் தனித்து நிற்க வேண்டியதில்லை.