செயற்கை வால்வும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



கல்லூரியின் பெருமைகளை எமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். மருத்துவத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகள் சார்பில் நாம் ஒரு சிறிய விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போகலாமா என்பதே அது.

ஏன் இந்த விடயம்? எங்கள் வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். பென்சிலின் ஊசி போடவென்று மாதத்தில் ஒரு நாள் பாடசாலைக்கு வராமல் நின்ற பிள்ளைகள் எங்கள் காலத்தில் இருந்தார்கள். தொண்டை நோவோடு தொடங்கும் வாதக் காய்ச்சல் மூட்டுகளில் வந்து போய்விடும். இதய வால்வுகளிலோ தழும்பை விட்டுச் செல்லும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் செயற்கை வால்வு பொருத்த வேண்டி வந்தது. இன்று அவர்களுக்கும் எங்களைப் போல நாற்பது, ஐம்பது வயது. நாரி நோ, கால் விறைப்பு, தலைச்சுற்று என்று ஒவ்வொன்றாக வரும் வயது. "ஸ்கான் எடுக்கவேணும்" என்றதும் பயம் பிடித்துக்கொள்கிறது. காந்தம் வால்வை இழுத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி மாதக்கணக்கில் நோவோடு இருப்பவர்களை நாங்கள் காண்கிறோம். முள்ளந்தண்டில் நரம்பு நசிபடும்போது அப்படிக் கழிந்த மாதங்களை எந்தச் சத்திரசிகிச்சையாலும் மீட்க முடியாமற் போகலாம்.

விஞ்ஞான ஆய்வுகூடத்தில் கடதாசியின்மேல் இரும்புத்தூளைத் தூவி, கீழே சட்டக்காந்தத்தை வைத்துப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? காந்தம் எல்லா உலோகத்தையும் இழுப்பதில்லை என்று அன்றே படித்தோம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 தெஸ்லா. 1.5 தெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வால்வு எதனால் ஆனது என்றும் பார்க்க வேண்டும்.

1960இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் அல்பேட் ஸ்ரார் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் லொவெல் எட்வேட்ஸ் என்ற பொறியியலாளரும் உருவாக்கிய வால்வு, கூட்டுக்குள் பந்து போன்றது. 1977இல் இரண்டு இதழ்கள் கொண்ட வால்வு வந்தது. இன்று பொருத்தப்படும் உலோக வால்வுகள் பெரும்பாலும் அந்த வகையே. உலோக வால்வு என்று சொன்னாலும் அந்த இதழ்கள் ஒருவகைக் காபனால் ஆனவை. வளையத்தில் காபன், தைத்தேனியம், கோபால்ட்-குரோமியக் கலப்புலோகம் போன்றவை இருக்கும். காந்தம் இவற்றை இழுப்பதேயில்லை, அல்லது மிகச் சிறிதளவே இழுக்கும். ஆய்வுகூடங்களில் அளந்தபோது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வால்வின்மேல் செலுத்தும் விசையைவிட அந்த இழுவிசை மிகச் சிறியதென்று கண்டார்கள். காந்தப்புலத்தில் முறையாகச் சோதிக்கப்பட்ட செயற்கை வால்வு, 3 தெஸ்லா வரை, சத்திரசிகிச்சைக்குப் பின் எந்தக் காலத்திலும் இந்தப் பரிசோதனைக்குத் தடையல்ல என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் அறிக்கை வெளியிட்டது. நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பிகளும் தடையல்ல.

வால்வின் அட்டையில் "நிபந்தனைக்குட்பட்டுப் பாதுகாப்பானது" என்ற பொருளில் எழுதியிருப்பதைக் கண்டு சிலர் கலங்குகிறார்கள். அது ஆபத்து என்ற எச்சரிக்கையல்ல. எந்த அளவு காந்தப்புலத்தில், எவ்வளவு நேரம், எந்த அமைப்பில் படம் எடுக்கலாம் என்று கதிரியக்கப் பிரிவினருக்குச் சொல்லும் குறிப்பு அது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கானுக்காக வார்பரின் மாத்திரையை நிறுத்த வேண்டிய தேவை இல்லை. அயலவர் சொன்னார் என்று நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டியாகலாம். அது மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஸ்கானால் வரும் என்று பயந்த ஆபத்தைவிட இது எத்தனையோ மடங்கு பெரியது.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? வால்வைத் தவிர உடலில் வேறு என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவதற்கு. வால்வோடு பேஸ்மேக்கரும் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; அதற்குத் தனி ஆயத்தம் தேவை. மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதினுள் பொருத்திய கருவி இருந்தாலும் அப்படியே. எங்கள் மண்ணில் இன்னொன்றும் உண்டு. யுத்த காலத்தில் உடலுக்குள் போன ஷெல் துண்டுகளையும் சன்னங்களையும் எத்தனையோ பேர் இன்றும் சுமக்கிறார்கள். பழகிப்போனதால் பலர் அதைச் சொல்வதில்லை. கண்ணிலோ முள்ளந்தண்டின் அருகிலோ இருக்கும் உருக்குத் துண்டு வால்வைவிட மிகவும் ஆபத்தானது. முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். துணைக்கு வருபவர்களும் கொண்டையூசி, சேலைப் பின், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் பல அம்மாக்களுக்கு மனம் துணிவதில்லை. முதல்நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்தால் வாசலில் கண்கலங்க வேண்டியதில்லை.

உள்ளே சத்தம் பெரிதாக இருக்கும். வழக்கமாகக் கேட்கும் வால்வின் 'டிக் டிக்' அந்தச் சத்தத்தில் கேட்காது. வால்வு நின்றுவிட்டதென்று பதற வேண்டாம். கையில் தரும் அழைப்பானை அமத்தினால் உடனே வருவார்கள்.

இடப்பெயர்வில் வால்வின் அட்டையைத் தொலைத்தவர்கள் பலர். அவர்களும் மனம் தளர வேண்டாம். சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையின் பதிவேட்டில் விபரம் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் நெஞ்சு எக்ஸ்ரேயில் வால்வின் உருவம் தெரியும். எந்த வகை என்று நிபுணர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்துக் கதிரியக்க வைத்திய நிபுணர் முடிவெடுப்பார்.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ இருந்து இந்த மலரை வாசிக்கும் தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, வால்வு பொருத்திய அம்மாவிடமோ அக்காவிடமோ அந்த அட்டை எங்கே என்று கேளுங்கள். கிளினிக் கொப்பிக்குள் இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டு மூன்று பேரின் தொலைபேசியில் வைத்திருங்கள். வால்வின் பெயர், அளவு, பொருத்திய திகதி ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரிந்தால் போதும். ஒரு நாள் அவசரமாக ஸ்கான் எடுக்க வேண்டி வந்தால் அந்தப் படமே கதவைத் திறக்கும்.