ஏறாத படிப்பு
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சங்கப் பாடல் குறித்தோ கம்பன் குறித்தோ பேச அழைத்திருந்தால் மகிழ்ந்து வந்திருப்பேன். பொதுக்கல்வியில் மாணவர் பட்ட பாடு என்னும் பொருளைத் தந்தபோது சற்றுத் தயங்கினேன். புள்ளிவிவரங்களோடு இதைப் பேசத்தக்கவர்கள் பலர் இருக்கிறார்கள். நானோ வகுப்பறையில் மேசைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு ஆண்டும் இந்தப் பக்கம் முப்பத்து மூன்று ஆண்டும் இருந்தவன், அவ்வளவே. ஆகவே, அந்த இரு பக்கத்திலும் நான் கேட்ட ஒரு சொற்றொடரைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன்.

நம் கொங்கு நாட்டில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "படிப்பு ஏறலீங்க" என்பார்கள். அதற்கு மேல் யாரும் வினவுவதில்லை. மறுவாரம் அப்பிள்ளை சோமனூர்ப் பக்கம் தறிக்கோ திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கோ போய்விடும். இத்தனைக்கும் நாம் வேளாண்மை அறிந்தவர்கள். மேட்டுக் காட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் கிணற்றைப் பார்ப்போம், வாய்க்காலில் உடைப்பு உண்டா என்று பார்ப்போம், மோட்டாரைப் பார்ப்போம். காட்டை வைபவர் யாரும் இல்லை. படிப்பு ஏறாதபோது மட்டும் பிள்ளையை வைகிறோம். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது.

நான் நம்பினேன். காங்கேயம் பக்கம் மழையை நம்பிய மேட்டாங்காட்டு ஊர் எங்களுடையது. அப்போது அது கோவை மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டமாயிற்று. 2009இல் திருப்பூர் மாவட்டமாயிற்று. பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரை மட்டும் மூன்று மாவட்டத்திலும் ஒன்றாகவே ஒழுகியது. 1978இல் கல்லூரிகளிலிருந்த புகுமுக வகுப்பு நீங்கி, மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. அதன் முதல் அணியில் அறிவியல் பிரிவு எடுத்த பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன். பெயர்ப்பலகையில் 'உயர்நிலை' என்பதை அழித்து 'மேல்நிலை' என்று எழுதினார்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆசிரியர் வரவில்லை. ஓராண்டுக்குப் பின் வேதியியலுக்கு ஒருவர் வந்தார். ஆறு மாதத்தில் மாறுதல் பெற்றுப் போனார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தங்க ஒரு வீடுகூட எங்கள் ஊரில் அவருக்குக் கிடைக்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்காக எங்களை நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். பியூரெட் என்னும் கண்ணாடிக் குழாயை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அதன் திருகை எந்தக் கையால் திருப்புவது என்றே தெரியவில்லை. பக்கத்து மேசையில் அந்நகரத்து மாணவன் இடக்கையால் திருகைப் பிடித்து, வலக்கையால் குடுவையைச் சுழற்றி, ஒவ்வொரு சொட்டாக விட்டான்; இளஞ்சிவப்பு தோன்றிய கணத்தில் நிறுத்தினான். எனக்கு நிறம் ஒரே பாய்ச்சலில் கடுஞ்சிவப்பாயிற்று. மேற்பார்வையிட்டவர் நல்லவர், சிரிக்கவில்லை. "உனக்கு இதெல்லாம் ஏறாது தம்பி, தமிழ் கிமிழ் எடுத்துப் படி" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் தமிழ் எடுத்துப் படித்தேன்.

தமிழ் எனக்கு எல்லாம் தந்தது. இந்த மேடையும் அது தந்ததே. ஆனால் நான் தமிழைத் தேர்ந்து வந்தவன் அல்லன். காலியாயிருந்த ஒரு நாற்காலி என்னைத் தமிழுக்குத் தள்ளிவிட்டது. இதை இலக்கிய அன்பர்களாகிய உங்களிடம் சொல்லக் கூசுகிறேன். எனினும் சொல்லத்தான் வேண்டும்.

நாற்காலி ஏன் காலியாக இருந்தது? பள்ளி தரம் உயர ஊரார் இடமும் பங்குத்தொகையும் தரவேண்டும் என்பது இந்நாட்டின் நெடுங்கால வழக்கம். அதில் ஓர் அழகும் இருந்தது. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நாற்காலியும் கரும்பலகையும் சீருடையும் அள்ளித் தந்தார்கள். நம் பகுதியின் ஈகைக்கும் குறைவில்லை. பீளமேட்டில் 1924இல் எழுந்த சர்வஜன உயர்நிலைப் பள்ளியையும், 1930இல் அவினாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயத்தையும் அறியாதார் இங்கு உண்டோ? ஆயினும் ஈகை, ஈவோர் இருக்கும் இடத்திலேதான் பெய்யும். ஆலை இருந்த ஊருக்கு ஆய்வுக்கூடம் கிடைத்தது. மானாவாரி ஊருக்கும் சத்தியமங்கலம் மலை ஊருக்கும் பெயர்ப்பலகை கிடைத்தது. அரசு சமன்செய்ய வேண்டிய இடம் இதுவே. அரசுகளிடையே பிணக்கு வந்தாலும் முதலில் நிற்பது பள்ளிப் பணம்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகம் கேட்ட 2,152 கோடி ரூபாய், கல்விக் கொள்கைப் பூசலில் நின்றுபோய், 2025இல் வழக்காக உச்சநீதிமன்றம் சென்றது.

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்றுப் பாட்டை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள்ளும் கற்றவன் பக்கமே தாயின் மனம் சாயும் என்கிறான் அவன். நம் வீடுகளில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கல்வி தொடங்குமுன்பே மனம் சாய்ந்துவிடுகிறது. மகன் வேன் ஏறி மெட்ரிக் பள்ளிக்கும், மகள் நடந்து அரசுப் பள்ளிக்கும் போவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். 2010இல் வந்த சமச்சீர்க் கல்விச் சட்டம், உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2011இல் எல்லா வகுப்புகளுக்கும் நடைமுறையாகி, நால்வகைப் பாடத்திட்டங்களை ஒன்றாக்கியது. புத்தகம் ஒன்றாயிற்று, கூரை ஒன்றாகவில்லை. நாமக்கல் வட்டார விடுதிப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைத்த கதை உங்களுக்குத் தெரியும். அங்கே ஏறியது படிப்பா என்பது வேறு கேள்வி. இன்று அதற்குள் புகவில்லை.

ஒன்றை மட்டும் கருதிப் பாருங்கள். 2017இல் நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தோரை விரல்விட்டு எண்ணலாம் என்னும் நிலை இருந்தது. 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இடம் பெற்றனர். ஓராண்டில் முந்நூறு தலைகளுக்குப் புதிதாக அறிவு முளைத்துவிடுமா? குறை தலையில் இல்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இதையெல்லாம் பேச எனக்கு முழுத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் ஓராண்டுக்கு மேலாகக் காலி. பொறுப்பு வகுப்பு என்று அதை என்னிடம் தந்தார்கள். எனக்கே அரைகுறையாகத் தெரிந்த இயற்கணிதத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அமர்ந்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர் மகள். கணக்கில் தவறினாள். அவள் தந்தை வந்து கைகட்டி நின்றார். நான் சொன்னேன்: "புள்ளைக்குக் கணக்கு ஏறலீங்களே."

அவள் நூற்பாலைக்குப் போனாள். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று அந்நாளில் ஆள் சேர்த்தார்கள்.

2024இல் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணி என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வணங்கினாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. மகளை வேளாண்மைப் பட்டப்படிப்பில் சேர்க்க அழைத்து வந்திருந்தாள். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததாம். அந்தப் பெண் என் காலைத் தொட்டாள். தாய் சிரித்துக்கொண்டே, "எனக்குத்தானுங்க ஐயா ஏறல. இவளுக்கு நல்லா ஏறுதுங்க. கணக்குல நூத்துக்குத் தொண்ணூறுங்க" என்றாள்.

இருபத்து மூன்று ஆண்டுகளாக அவள் அதைச் சுமந்திருக்கிறாள். குறை உன்னிடம் இல்லையம்மா, எனக்குத்தான் கணக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மருதமலைப் பேருந்து வந்துவிட்டது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு இருவரும் ஏறிக்கொண்டார்கள்.