படிக்கப்போகிறவர் யார்?

கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு வாதக் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலும் அது மேடைப்பேச்சாகத்தான் வரும். எங்கள் வடசென்னைப் பக்கம் துறைமுக விரிவாக்கம்தான் தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். "அன்பான வாசகர்களே" என்று கட்டுரை தொடங்கும். அடுத்த வரி, "நாம் அனைவரும் அறிந்தபடி". பிறகு, "இதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? உங்கள் மனசாட்சி சும்மா இருக்குமா?" என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். பேச்சுப்போட்டியில் கைதட்டல் வாங்கிய பிள்ளைகள் அல்லவா!

திருத்துகிற ஆசிரியர் சிவப்பு மையால் 'நான், நீ, நாம் எதுவும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். அடுத்த கட்டுரையில் வாசகரே காணாமல் போகிறார். எல்லாம் கருதப்படுகிறது, கூறப்படுகிறது, வலியுறுத்தப்படுகிறது. யார் கருதினார், யாரிடம் சொன்னார், தெரியாது. முதல் கட்டுரையில் முதிர்ச்சி இல்லாவிட்டாலும் உயிர் இருந்தது. இரண்டாவதில் அதுவும் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இது நம் பிள்ளைகளின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தின் லூவைன் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிராஞ்சே என்ற பேராசிரியர், ஆங்கிலம் கற்கும் பல நாட்டு மாணவர்களின் கட்டுரைகளை 1990 முதல் திரட்டினார். அவற்றில் பிரெஞ்சு, டச்சு, ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் மாணவர்கள் எழுதியவற்றை அமெரிக்க மாணவர்களின் கட்டுரைகளோடு ஸ்டெஃபனி பெட்ச்-டைசன் ஒப்பிட்டார். 1998இல் வெளியான அந்த ஆய்வின்படி, 'நான்', 'நீங்கள்' என்று வெளிப்படையாகப் பேசுவது ஆங்கிலம் கற்பவர்களிடம்தான் அதிகம். ஹாங்காங்கில் கென் ஹைலண்ட் கண்டது இதற்கு நேர்மாறு. இளங்கலை இறுதியாண்டு மாணவர்களின் 64 ஆய்வறிக்கைகளை, ஆய்விதழ்களில் வந்த 240 கட்டுரைகளோடு அவர் வைத்துப் பார்த்தார். தேர்ந்த ஆய்வாளர்கள் வாசகரைத் தாராளமாக உள்ளே அழைக்கிறார்கள். மாணவர்கள்தான் ஒதுங்கி நிற்கிறார்கள். படித்து மதிப்பெண் போடப்போகிறவரிடம் 'இதைக் கவனியுங்கள்' என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

எதிரே இருப்பது கூட்டம் என்று நினைத்தால் பிள்ளை முழங்குகிறது, அதிகாரி என்று நினைத்தால் வாயைக் கட்டிக்கொள்கிறது. தாய்மொழியைவிட இந்த நினைப்புக்குத்தான் இதில் பெரிய பங்கு என்பது என் எண்ணம். படிக்கப்போகிறவர் யார் என்று வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

எங்கள் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 'படிக்கப்போகிறவர் யார்' என்பது கற்பனைக் கேள்வி அல்ல. 2013இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம் அங்கே இருக்கிறது. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டன் சரக்கு கையாளும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்தவும், சுமார் 330 ஏக்கர் பரப்பை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கவும் திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரி 22 அன்று பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள், தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் நடக்கவில்லை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இந்தக் கருத்துக்கேட்பில் இரண்டு வழிகள் உண்டு. கூட்டத்தில் நேரில் பேசலாம். எழுதியும் அனுப்பலாம். தமிழிலேயே பேசலாம், எழுதலாம். அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டத்தை எடைபோடுவது டெல்லியில் கூடும் மத்திய அரசின் நிபுணர் குழு. அதன் உறுப்பினருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவருக்காகத்தான் பொன்னேரிக் கல்லூரிக்குப் போகும் மீனவர் வீட்டுப் பெண் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். அந்த உறுப்பினர் கூட்டத்தில் ஒருவரும் அல்ல, மதிப்பெண் போடுகிறவரும் அல்ல. தனியாக உட்கார்ந்து, சந்தேகத்தோடு, வேண்டுமானால் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் படிக்கிறவர்.

அவரிடம் 'நாம் அனைவரும் அறிந்தபடி எண்ணெய்க் கசிவால் நாசமானோம்' என்றால் ஒன்றும் ஏறாது. எண்ணூரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதின, எண்ணெய் கரையில் ஒதுங்கியது, ஆட்கள் வாளியால் அள்ளினார்கள் என்று எழுத வேண்டும். பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையும் அப்படித்தான். இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்பதை மீனவ ஊர்கள் முறைவைத்து, சீட்டுப் போட்டு முடிவுசெய்கின்றன. அங்கே ஒரு பகுதியை மண் மூடினால் ஒரு குடும்பம் மட்டும் இழப்பதில்லை, முறை முழுவதும் குலைகிறது. இதை மூன்று வரியில் விளக்கினால், டெல்லியில் இருப்பவர் அந்த ஏரியைப் புரிந்துகொள்ளத் தொடங்குவார்.

அடுத்து, 'நாம்' என்ற சிக்கல். தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 'நாங்கள் கரையை இழந்தோம்' என்று நினைத்து அந்தப் பெண் எழுதுவது, படிப்பவருக்கு 'நாம் இழந்தோம்' என்றும் படலாம். நான் எதை இழந்தேன் என்று அவர் விலகிப்போவார். ஆகவே முதலில் 'காட்டுப்பள்ளியில் மீன்பிடிக்கும் குடும்பங்களான நாங்கள்' என்று தன்னைச் சொல்லிவிட வேண்டும். பிறகு திட்டத்தின் தாக்க அறிக்கையிலுள்ள கணக்கை அவரோடு சேர்ந்து பார்க்கும் இடத்தில் அதே சொல்லை 'நாம்' என்ற பொருளில் வைக்கலாம். அங்கே அது உறவாகிறது.

கட்டளை கூடாது என்கிறோம். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் 'அட்டவணையைப் பாருங்கள்', 'இந்த அளவை அந்த அளவோடு ஒப்பிடுங்கள்' என்ற ஏவல்கள் நிறைய உண்டு. அவை மரியாதைக்குறைவும் அல்ல. கண்ணைச் சான்றின் பக்கம் திருப்புகிற ஏவல்கள் அவை. 'இத்திட்டத்தை நிராகரித்தே ஆக வேண்டும்' என்று முதல் வரியில் எழுதுவது, அவர் முடிவெடுக்கும் முன்பே அவர் கையைப் பிடிப்பது. கேள்வியும் அப்படியே. மனசாட்சியைக் கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. 'துறைமுகத்துக்கு வடக்கே கடலரிப்பு எவ்வளவு கூடும், எந்த ஆண்டின் அளவீட்டை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு எழுதியாக வேண்டும்.

வடசென்னைக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'தொழில்நுட்பம் வரமா சாபமா' என்ற தலைப்பைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவையுங்கள். ஒரு திட்டத்தின் தாக்க அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொதுவில் வைக்கப்படுகிறது. அதை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து மாணவரை நிபுணர் குழு உறுப்பினராக உட்காரவைத்து, எந்த வரியில் நின்றார், எந்த வரியில் சந்தேகப்பட்டார் என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மக்கள் எழுப்பிய சுற்றுச்சூழல் கவலைகளுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் தர வேண்டும் என்று 2006 அறிவிக்கையே சொல்கிறது. முழக்கமாக எழுதினால் 'பொதுவான எதிர்ப்பு' என்று ஒரே வரியில் அடக்கிவிட முடியும். எண் போட்டு, இடம் சொல்லி, ஆண்டு குறித்துக் கேட்ட கேள்வியை அப்படி அடக்குவது கடினம்.