தமக்கையார் கற்பித்த பாடம்

மாணவச் செல்வங்களே,

பிறர்க்கு உதவுதல் நன்று என்பதை நீங்கள் பள்ளியிலேயே பயின்றிருக்கிறீர்கள். எவ்வாறு உதவுதல் வேண்டும் என்பதை நான் தலைமையாசிரியர் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னரே பயின்றேன். கற்பித்தவர் என் தமக்கையார்.

2023-ஆம் ஆண்டு அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பியவரால் அடுப்பின் முன் நெடுநேரம் நிற்க இயலவில்லை. தனித்து வாழ்ந்தவர், எங்கள் இல்லத்திற்கு வர இசையவில்லை. ஆதலின், ஞாயிறுதோறும் நானும் என் மனைவியும் பருப்பு, சாம்பார், இட்லி, சப்பாத்தி ஆகியவற்றை மொத்தமாகச் சமைத்து, அவரது குளிர்சாதனப் பெட்டியின் உறையறையை, அதாவது ஃப்ரீசரை, நிரப்பி வந்தோம்.

இதிலுள்ள அறிவியலைச் சற்றே நோக்குவோம். சுழியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிரில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிவதில்லை, பெருகாது உறங்குகின்றன. உணவு இளகியதும் விழித்துக்கொள்கின்றன. 5 முதல் 60 பாகை வரையுள்ள வெப்பம் அவை பெருகுவதற்கு ஏற்றது. எனவே, சமைத்ததை அகன்ற பாத்திரங்களில் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்திற்குள் உள்ளே வைத்துவிடல் வேண்டும். உண்ணுமுன் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். சிறு பகுதிகளாக வைத்தால் உணவு விரைந்து உறையும். விரைந்து உறைந்தால் பனிப்படிகங்கள் சிறுத்துப் பதம் கெடாது. வட அமெரிக்காவின் லாப்ரடார் பகுதிக்கு 1912-இல் சென்ற கிளாரன்ஸ் பேர்ட்சை என்பார், அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் உடனே உறைவதைக் கண்டு இவ்வுண்மையை உணர்ந்தார். உருளைக்கிழங்கு உறைந்தால் மணல்போல் ஆகிவிடும். அதனைச் சாம்பாரில் தவிர்த்தோம்.

இத்துணையும் அறிந்த நான் ஒன்றை அறியவில்லை. நான்காம் வாரம் சென்றபோது டப்பாக்கள் பல திறக்கப்படாமலே இருந்தன. "பசியில்லை, தம்பி" என்றார். வற்புறுத்திக் கேட்ட பின்னரே உண்மை வெளிவந்தது.

"மூடியைத் திறக்கக் கையில் வலுவில்லை. சொன்னால் நீ வேலையை விட்டு ஓடி வருவாய். பிஸ்கட்டைத் தின்று படுத்துக்கொண்டேன்."

நான் தலை குனிந்தேன். என் கை வலிமையை அளவாகக் கொண்டு மூடியிட்டவன், அவர் கையை எண்ணிப் பார்க்கவில்லை! உணவு நிறைந்த வீட்டில் அவர் பசித்திருந்தார்.

அன்று அவரையே கேட்டு அனைத்தையும் மாற்றினோம். எளிதில் திறக்கும் மூடி. ஒரு வேளைக்கு ஒரு டப்பா. பெயரும் தேதியும் பெரிய எழுத்தில். மறுநாளைக்குரியவை குனியாமல் எடுக்கக்கூடிய நடுத்தட்டில். பருப்பில் பூண்டு வேண்டா என்றும் அப்பொழுதுதான் சொன்னார்! அடுத்த ஞாயிறு முதல் நாற்காலியில் அமர்ந்து தாமே காய் நறுக்கித் தந்தார். அதன்பின் எந்த டப்பாவும் மீந்திருந்ததில்லை.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ முதியவர்க்கு உதவப் புகுங்கால், அடுப்பை மூட்டுமுன் அவரருகே சற்று அமர்ந்து, அவர் வேண்டுவது யாது எனக் கேளுங்கள்.