காமகுரா: குடியிருப்போர் காப்பாற்றிய ஊர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்போர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் ஒதுக்கி காமகுராவுக்கும் போய் வாருங்கள். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல். இந்த இயற்கை அரணுக்காகவே பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மினமோட்டோ நோ யொரிட்டோமோ இங்கே தன் ஆட்சியை அமைத்தார். 1333 வரை சாமுராய் அரசின் தலைமையிடம் இதுதான்.

எல்லோரும் முதலில் பார்ப்பது கோதோகு-இன் கோயிலின் பெரிய புத்தரை. 1252-ல் தொடங்கப்பட்ட வெண்கலச் சிலை. உயரம் பீடம் இல்லாமலே 11 மீட்டருக்கு மேல், எடை ஏறக்குறைய 121 டன். ஒரு காலத்தில் மண்டபத்துக்குள் இருந்தது. 1498-ல் ஆழிப்பேரலை அந்த மண்டபத்தைக் கொண்டுபோய்விட்டது என்று சொல்கிறார்கள். அதிலிருந்து வெயிலிலும் மழையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அதே வளாகத்தில் இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் புத்தரின் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்றவர் அவர். ஜப்பானியர்கள் அதை மறக்கவில்லை.

அடுத்து சாப்பாடு. சிராசு என்பது நெத்திலியைவிடப் பொடியான மீன்குஞ்சு. சூடான சோற்றின் மேல் அள்ளிப் போட்டுத் தருகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை பிடிக்கத் தடை, அதனால் அப்போது பச்சை சிராசு கிடைக்காது. சைவர்களுக்கு கென்சின் சூப். கென்சோ-ஜி மடத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் இதில் முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு, டோஃபு எல்லாம் உண்டு. ஆனால் கடைகளில் மீன் சாறு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஜூன் மாதம் போனால் ஹாசே-தெரா கோயிலில் ஹைட்ரேஞ்சா பூக்களைப் பார்க்கலாம். வீடுகளை உரசுகிற மாதிரி ஓடி, பிறகு கடலோரம் வந்துவிடும் எனோடென் ரயிலையும் விட்டுவிடாதீர்கள்.

இந்தச் சபையில் நான் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. 1964-ல் சுருகாவோகா ஹாசிமான் கோயிலுக்குப் பின்னாலுள்ள குன்றை வெட்டி மனை போடத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். எழுத்தாளர் ஓசராகி ஜிரோ அவர்களோடு நின்றார். வெறும் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. ஓர் அமைப்பு தொடங்கி, நன்கொடை திரட்டி, 1966-ல் அங்கே 1.5 ஹெக்டேர் நிலத்தை விலைக்கே வாங்கிவிட்டார்கள். அதே ஆண்டு பழைய தலைநகரங்களைக் காக்கும் சட்டமும் வந்தது. இன்று நாம் காமகுராவில் பார்க்கும் பச்சைக்கு அவர்கள்தான் காரணம்.

இப்போது அந்த ஊரின் பிரச்சினை நம்மைப் போன்ற பயணிகள். ஒரு கார்ட்டூன் தொடரில் வந்த ரயில்வே கேட்டில் படம் எடுக்கக் கூட்டம் சாலையை மறிக்கிறது. விடுமுறை நாட்களில் உள்ளூர்க்காரர்களுக்கே ரயிலில் ஏற இடமில்லை. கூட்டத்தில் நடந்துகொண்டே சாப்பிடாதீர்கள் என்று நகராட்சி 2019-ல் விதி கொண்டுவந்தது. அபராதம் கிடையாது, நம் நாகரிகத்தை நம்பிய விதி.

ஆகவே போகிறவர்கள் வார நாளில், காலையிலேயே போங்கள். குப்பையைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். நம் வளாகத்துக்கு வரும் விருந்தினர் எப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அப்படி நடந்தால் போதும்.